எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லதா?

நான் படிப்பது பி.காம். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவன். அத்தைக்கு முடக்குவாதம் வந்த பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். காலையில் அவரால் விரல்களை மடக்கவே முடியாது. பார்க்க வருகிறவர்களோ, "எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சு, மாத்திரையை விட்டுட்டு கஷாயம் குடி" என்கிறார்கள். உண்மை நேர் எதிர். இந்த நோயில் எதிர்ப்பு சக்தியே சொந்த மூட்டுகளைத் தாக்குகிறது.

கிருமி நுழைந்தால் காய்ச்சலையும் வீக்கத்தையும் கிளப்புகிற புரதங்களில் ஒன்று இன்டர்லூகின்-1. அதை அடக்கவும் நம் இரத்தத்திலேயே ஒரு புரதம் இருக்கிறது. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காத சாவி மாதிரி. செல்லின் மேல் இன்டர்லூகின்-1 உட்கார வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். உள்ளே செய்தி போகாது. எங்கள் பாடத்தில் பற்று இருந்தால் வரவு இருக்கும். உடம்பும் அப்படித்தான் போல!

வரவு இல்லாவிட்டால்? இந்தப் புரதம் பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகளைப் பற்றி 2009-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கிருமியே இல்லாமல் தோலில் சீழ்க்கொப்புளங்கள், எலும்பில் அழற்சி. அனகின்ரா என்ற ஊசி போட்டதும் வேகமாகத் தேறினார்கள். அது கிட்டத்தட்ட அதே புரதம், ஆய்வகத்தில் தயாரித்தது. முடக்குவாதத்துக்காக 2001-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து.

அத்தை சாப்பிடுவது வேறு மருந்து, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். அதன் வேலையும் அடக்குவதுதான். இதைச் சொன்ன பிறகு அவர் மாத்திரையை நிறுத்தவில்லை. எனக்கு அது போதும்.