ஒரு இறாத்தல் பாண்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் பின்னேரம் பேத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' கேட்டால் சூன் பாண்காரர் வந்துவிட்டார். 'டியூன்' சிங்கள வாயில் 'சூன்' ஆனது. அவருடைய ஓட்டோவின் கண்ணாடிப் பெட்டிக்குள் மாலுபாணும் கிம்புலாவும் அடுக்கியிருக்கும்.

சென்னையில் வளர்ந்த அக்காவின் மகன் போன மாதம் வந்து நின்றான். "தம்பி, ஓடிப்போய் ஒரு இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வா" என்றேன்.

"பானா சித்தி? பீடாவா?"

அவன் சொன்ன பான், பர்ணம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. இலை என்று பொருள். எங்கள் பாண் கப்பலில் வந்தது. 1505இல் இந்தத் தீவுக்கு வந்த போர்த்துக்கீசரின் ரொட்டி அது. சுடுகிற போறணையும் அவர்களுடைய சொல்தான். நிறுக்கிற இறாத்தலும் அவர்கள் வழியாக வந்ததே, ஆனால் அவர்களுக்கு அதைக் கொடுத்தவர்கள் அரபிகள். இன்று 450 கிராம் என்று சட்டம் சொன்னாலும் கடையில் எல்லோரும் கேட்பது இறாத்தல்தான். பம்பாயின் வடாபாவில் இருக்கிற பாவும் இதே சொல். 1543இல் போர்த்துக்கீசர் போய் இறங்கிய ஜப்பானிலும் ரொட்டிக்குப் பெயர் பான். எல்லாவற்றுக்கும் தாய் லத்தீனின் பானிஸ்.

போர்த்துக்கீசர் வருமுன்பே தமிழில் ஒரு பாண் இருந்தது. பாட்டு என்று அர்த்தம். பாணர் அதில் பிறந்த பெயர். யாழ் வாசித்த பாணனுக்குப் பரிசாகக் கிடைத்த மண் என்று யாழ்ப்பாணத்துக்குக் கதை சொல்வார்கள். கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மம்மா பாணைப் பருப்பில் தோய்த்துத் தரும்போது இந்தக் கதையையும் சேர்த்தே ஊட்டுவார். பாட்டும் பசியும் ஒரே ஒலிக்குள் வந்து சேர்ந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. வடக்கில் பேக்கரிக்கு வெதுப்பகம் என்று எழுதியிருக்கிறார்கள். அழகான சொல். உள்ளே போய் நான் கேட்பது பாண்தான்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் மா இல்லை, பெற்றோல் இல்லை. எங்கள் ஒழுங்கையில் அந்த இசையும் நின்றுபோனது. கடை வாசல் வரிசையில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் நின்று ஒரே சொல்லைத்தான் உள்ளே எட்டிக் கேட்டோம்: பாண் இருக்கா, பாண் தியனவாத?

பாண் வாங்கப் போன, சிங்களம் தெரியாத பிள்ளை பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான். பாண்காரர் ஒட்டியிருந்த இரண்டைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். பிரித்த பக்கம் பஞ்சாக, ஆவி பறந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வாய் குறைந்திருந்தது.