தவளைப் பாலுக்குப் போட்டியா ஒரு புதுக்கடை!

தைபே பக்கம் போனீங்கன்னா, பச்சை மெட்ரோ லைனில் கோங்குவான் ஸ்டேஷனில் இறங்கிடுங்க. பக்கத்துலயே தேசிய தைவான் பல்கலைக்கழகம். பசங்க எங்கேயோ, அங்கேதானே டீக்கடை? திரும்பின பக்கமெல்லாம் 'பபிள் டீ'தான்!

இந்த ஏரியா ஜாம்பவான் 'சென் சான் டிங்'. ஸ்பெஷல் அயிட்டத்தின் பேரே 'தவளை மோதும் பால்'. பயப்படாதீங்க... தவளையும் கிடையாது, டீயும் கிடையாது. சர்க்கரைப் பாகில் ஊறிய கறுப்பு உருண்டைகள் மேல ஜில்லுனு பால். அவ்ளோதான்!

இந்த ஏரியாவில் புதுசா கடை போட செம தில்லு வேணும். அடுத்த சந்தில் ஒரு பொண்ணு போட்டிருக்கு. 'ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ' போர்டைப் பார்த்து மயங்காதீங்க. 'உருண்டை எப்போ வேகவெச்சது?'னு கேளுங்க. மரவள்ளி மாவு ஆச்சே (நம்ம சேலத்து ஜவ்வரிசிக்கும் அதே கிழங்குதான்), சில மணி நேரத்தில் விறைச்சுடும். மிஞ்சினதைக் கொட்டணும். கொட்டினா நஷ்டம், கொட்டலைன்னா கஸ்டமர் காலி.

நான் கேட்டதும் அடுப்பைக் காட்டி, "இருபது நிமிஷம் ஆகும்" என்றது அந்தப் பொண்ணு. பழசை எடுத்து நீட்டலை பாருங்க, அங்கேயே பாஸ்! வாயில் போட்டா மெத்துனு எகிறுது. அந்த ஊர் பாஷையில் இதுக்குப் பேர் 'க்யூ'. டீதான் கொஞ்சம் வெளிறல்.

சர்க்கரை 'பாதி'ன்னு சொல்லிடுங்க, முழுசுன்னா திகட்டும். கையில் டம்ளர் இருக்கட்டும். 2022-லிருந்து பெரிய செயின் கடைகளில் சொந்த டம்ளருக்கு 5 தைவான் டாலராவது தள்ளுபடி. இந்தப் பொண்ணும் குறைச்சுது!