பெட்டி தந்த வாக்கு

ஜப்பானின் பழந்தலைநகரான கியோட்டோவுக்குச் செல்வோர் அதன் பழம்பெரும் ஆலயங்களையும் எழிலார்ந்த பூங்காக்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புவது வழக்கம். நாம் உங்களை அந்நகரின் வேறொரு பகுதிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். இன்று நம் இல்லத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் விளையாட்டுகளின் முன்னோடிகள் பல அங்கேதான் உருவாயின. அவ்விளையாட்டுகளைச் சுமந்து வந்த அட்டைப் பெட்டிகளும், அவை திரையில் காட்டிய எழுத்துகளுமே இன்று நாம் காணப் போகிறவை. வெறும் அட்டையில் பார்க்க என்ன இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். சற்றே உடன் வாருங்கள்.

கியோட்டோவின் காகியாச்சோ பகுதியில், குறுகலான தெருக்களுக்கு நடுவே 1930-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஒரு கட்டடம் நிற்கிறது. நின்டெண்டோ நிறுவனத்தின் பழைய தலைமையகமான அது, 2022 முதல் தங்கும் விடுதியாக இயங்கி வருகிறது. 1889-ல் ஃபுசாஜிரோ யமாவுச்சி என்பவர் தொடங்கிய அந்நிறுவனம், முதலில் விற்றது ஹனஃபுடா எனும் மலர்ச் சீட்டுகளை. எண்கள் பொறித்த சீட்டுகள் சூதாட்டத்தின் காரணமாக ஜப்பானில் பலமுறை தடை செய்யப்பட்டன. அதனால் எண்ணின் இடத்தை மலர் பிடித்தது. மாதத்துக்கு நான்காகப் பன்னிரண்டு மாதங்களுக்கு 48 சீட்டுகள். அவற்றுள் புகழ்பெற்ற ஒரு வகையின் பெட்டி மீது நெப்போலியனின் உருவம் இருக்கும். பெயரோ ‘குடியரசுத் தலைவர்’! படத்தில் பேரரசர், பெயரில் தலைவர், உள்ளே மலர்கள். உறைக்கும் உள்ளிருப்பதற்கும் உள்ள உறவு எத்தகையது என்னும் வினாவை இந்தச் சிறு பெட்டியே நம்முன் வைத்து விடுகிறது.

அந்த வினாவோடு கின்டெட்சு ரயிலேறித் தெற்கே சென்றால், தேயிலைக்குப் பெயர்பெற்ற ஊஜி நகரின் ஒகுரா நிலையத்தை அடையலாம். சில நிமிட நடையில் நின்டெண்டோ அருங்காட்சியகம் வந்துவிடும். மலர்ச் சீட்டுகள் செய்த பழைய தொழிற்சாலையே புதுப்பிக்கப்பட்டு, 2024 அக்டோபர் 2-ஆம் நாள் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. முன்பதிவின்றி நுழைய இயலாது. மேல்தளத்தில் படமெடுக்கவும் அனுமதி இல்லை. கண்ணால் கண்டு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அங்கே 1983 ஜூலையில் வெளிவந்த ‘ஃபேமிகாம்’ கருவியைக் காண்கிறோம். அதற்குரிய விளையாட்டு அட்டைகளை ஜப்பானியர் நம்மவரைப் போலவே ‘கேசட்’ என்றுதான் அழைத்தனர். அக்கருவியின் திரை, எட்டுக்கு எட்டு என 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களால் ஆனது. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். உங்கள் பிள்ளையின் கணக்கு நோட்டில் அவ்வாறு 64 கட்டங்களைக் குறித்து, அதற்குள் ‘ட’ எழுதிப் பாருங்கள், எளிதில் அமையும். ‘ஞ’ எழுதுங்கள், விழி பிதுங்கும். அடுத்த எழுத்து ஒட்டாமலிருக்க ஒரு வரிசையை வேறு வெறுமையாக விட வேண்டும்!

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவில் முன்பே ஒரு விடை கண்டிருந்தனர். அட்டாரியின் துணை நிறுவனமான கீ கேம்ஸ் 1976-ல் வெளியிட்ட ‘குவிஸ் ஷோ’ என்ற விளையாட்டில், நிற்கும் கோடுகளை இரு புள்ளித் தடிப்பிலும், கிடக்கும் கோடுகளை ஒரு புள்ளித் தடிப்பிலும் அமைத்தனர். தொலைக்காட்சித் திரையில் தடித்த கோடுகள் மங்காமல் நின்றன. அதே எழுத்துருவின் சாயல் கடல் கடந்து ஜப்பான் சென்று, 1980-ல் ‘பாக்-மேன்’ வழியாக உலகையே வலம் வந்தது. ஆயினும் ஆயிரக்கணக்கான சித்திர எழுத்துகளைக் கொண்ட ஜப்பானிய மொழிக்கு 64 புள்ளிகள் எம்மாத்திரம்? ஒலியெழுத்துகளை மட்டுமே கொண்டு சமாளித்தனர். 1986-ல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டில் நினைவகம் போதாமல், கத்தகனா எழுத்துகளில் 20 மட்டுமே இடம்பெற்றன. அந்த இருபதுக்குள் அடங்குமாறு அரக்கர்களின் பெயர்களைத் தேர்ந்தனர்! இடம் சிறிதாயினும் உழைப்பைச் சுருக்காத கைகள் அவை.

இனி பெட்டிகளின் முன் வந்து நிற்போம். ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என ஒரே விளையாட்டின் பல நாட்டுப் பெட்டிகளும் இங்கே வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. 1985-ல் வெளியான ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் ஜப்பானியப் பெட்டியில், அதனை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ தாமே வரைந்த வண்ணச் சித்திரம் துள்ளுகிறது. அமெரிக்கப் பெட்டியோ கறுப்பு நிறம். திரையில் தெரியும் கட்டம் கட்டமான மாரியோவையே பெரிதாக்கி அச்சிட்டிருக்கிறார்கள். ஒரே விளையாட்டுக்கு ஏன் இந்த வேறுபாடு?

அதற்கான காரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 1977 முதல் அட்டாரி நிறுவனத்தின் பெட்டிகளை கிளிஃப் ஸ்போன் போன்ற தேர்ந்த ஓவியர்கள் அலங்கரித்தனர். ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டின் உறையில் கோட்டையும் பறவைநாகமும் கண்ணைப் பறிக்கும். திரையிலோ கதாநாயகன் ஒரு வெறும் சதுரம்! எனினும் அந்த விளையாட்டு நன்றாக இருந்தது. ஓவியம் தந்த கற்பனை சதுரத்துக்கு உயிரூட்டியது. நாளடைவில் அரைகுறை விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன. உறையைப் பார்த்து நல்லதையும் அல்லாததையும் பிரித்தறியப் பெற்றோரால் இயலவில்லை. 1982 இறுதியில் வந்த ‘ஈ.டி.’ விளையாட்டு ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் செய்து முடிக்கப்பட்டது. விற்காமல் தேங்கியவற்றை 1983-ல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தனர். 2014 ஏப்ரலில் தோண்டியபோது, நசுங்கிய பெட்டிகளும் கேசட்டுகளும் வெளிவந்தன.

இவ்வாறு நம்பிக்கை இழந்த சந்தையில்தான் 1985-ல் நின்டெண்டோ நுழைந்தது. “உள்ளே இருப்பது இதுவே” என்று சொல்லாமல் சொல்லின அக்கறுப்புப் பெட்டிகள். அழகு குறைந்தாலும் நாணயம் மிகுந்தது. 1987-ல் அங்கு வெளியான ‘தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’ விளையாட்டின் பெட்டியிலோ ஒரு சிறு துளையையே வெட்டி வைத்தனர். உள்ளிருக்கும் பொன்னிறக் கேசட்டை வாங்குபவர் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம்!

வாசகர்களே! ஓவியம் தீட்டுவது பொய்யாகாது. மியாமோட்டோவின் சித்திரமும் ஒரு வாக்குறுதிதான். உள்ளே இருந்த உழைப்பு அதனை நிறைவேற்றியது. நிறைவேற்றும் எண்ணமின்றித் தரும் வாக்கே பொய்.

இன்று பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் பெட்டியே இல்லை. கைப்பேசியில் ஒரு சிறு படமும், சில நொடி விளம்பரமும் அதன் இடத்தில் வந்துவிட்டன. உள்ளே அரிதாகவே வரும் ஆட்டத்தை முதன்மையானதுபோல் காட்டியதற்காக, ‘ஹோம்ஸ்கேப்ஸ்’, ‘கார்டன்ஸ்கேப்ஸ்’ ஆகியவற்றின் விளம்பரங்களுக்கு 2020-ல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தடை விதித்தது. ஆகவே அடுத்தமுறை உங்கள் பிள்ளை ஒரு விளையாட்டைக் கேட்டால் உடனே மறுத்துவிடவும் வேண்டாம், உடனே இசைந்துவிடவும் வேண்டாம். அருகில் அமர்ந்து, “இந்தப் படம் சொல்வது உள்ளே இருக்கிறதா?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை கடைவீதியில் எந்தப் பொருளின் பளபளப்பிலும் எளிதில் ஏமாறாது.