மாடனுக்குச் சுருட்டு, ஊருக்குப் பேர்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் சுடலைமாடன் கொடை என்றால் படையலில் சுருட்டும் உண்டு. தமிழ்நாட்டில் சுருட்டுக்குப் பேர்போன ஊர் திருச்சி உறையூர்.

நம்ம 'சுருட்டு'தான் ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், சாம்பலைப் பார்த்தே 'திருச்சிராப்பள்ளிச் சுருட்டு' என்று கண்டுபிடிக்கிறார் துப்பறிவாளர்!

பழகியவர்கள் பற்றவைக்கும் முன்பே எடை போட்டுவிடுவார்கள். விரலால் அழுத்தினால் மேடு பள்ளம் தட்டக் கூடாது. முகர்ந்தால் காரநெடி ஏறக் கூடாது. புகையை நெஞ்சுக்கு இழுக்காமல், வாயில் நிறுத்தி ருசி பார்த்து விடுவார்கள். சீராக எரிந்து, சாம்பல் உதிராமல் நின்றால் நல்ல கைவேலை. தொண்டை கமறாவிட்டால் அது 'லைட்' ரகம்.

ஆனால், 'லைட்' என்பது ருசிக்கு மட்டும்தான். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து உண்டு. நிகோடினும் வாய் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். அருகில் இருக்கும் குழந்தைக்கோ, 'லைட்' புகையும் புகைதான். பொது இடங்களில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது.

உறையூர்க் கைவேலையைப் பாராட்டலாம், தப்பில்லை. மாடனுக்கு வைத்த சுருட்டு மட்டும் படையலோடு நிற்கட்டும். வீட்டுக்கு அதுதான் நல்லது.