பெயரும் எண்ணும்

தச்சன் தன் உளியை எங்கே வைக்கிறான், தையற்காரன் கத்தரிக்கோலை எந்தக் கைப்பக்கம் வைக்கிறான் என்பவை அற்பமான செய்திகள் அல்ல. ஆண்டுக்கணக்கான அநுபவம் வகுத்த ஒழுங்குகள் அவை. இன்று காரியாலயங்களில் தொழில்புரிவோருக்கு அத்தகைய பட்டறை கணினிக்குள்ளே அமைந்துவிட்டது. 'புரொபைல்' என்று அதனை அழைக்கின்றனர். வின்டோஸ் கணினியில் ஒவ்வோர் ஊழியருக்கும் ஒதுக்கப்பட்ட தனியறை அது. அவர் எழுதிய கோப்புகளோடு, அவர் சேர்த்த எழுத்துருக்களும், அகராதிச் சொற்களும், குறித்துவைத்த முகவரிகளும் அந்த அறையிலேதான் இருக்கின்றன.

இந்த அறைகள் இப்பொழுது இடம்பெயர்கின்றன. ஊழியர்களின் பெயர்களையும் உரிமைகளையும் பதிந்துவைக்கும் 'அக்டிவ் டிரெக்டரி' என்னும் பதிவேடு, 2000ஆம் ஆண்டில் வின்டோஸ் 2000 உடன் வெளிவந்தது. காரியாலயத்தின் ஒரு மூலையிலிருந்த சேவர் இயந்திரமே அதன் இருப்பிடம். இப்போது பல காரியாலயங்கள் அதனைக் கைவிட்டு, கம்பெனிகள் தமது தரவு நிலையங்களில் வைத்து நடத்தும் மேகப் பதிவேட்டுக்கு மாறுகின்றன. மைக்ரோசொஃப்ற் 2023இல் 'என்ட்ரா ஐடி' எனப் பெயர் மாற்றியது அத்தகைய பதிவேடுகளுள் ஒன்று.

இம்மாற்றத்தால் நன்மையே இல்லை என்று நாம் கூறவில்லை. ஊழியர் எங்கிருந்தாலும் ஒரே பெயரில் உள்ளே வரலாம்; களவுபோன கணினியின் கதவைத் தூரத்திலிருந்தே அடைக்கலாம். விஞ்ஞானம் தரும் சௌகரியத்தை வேண்டாமென்பது முற்போக்காகாது. ஆனால், அந்தச் சௌகரியத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பது நமது கடமை.

கணினிகளைப் பராமரிக்கும் தொழிலில் உள்ள நாம் பணிபுரியும் காரியாலயத்திலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. நிர்வாகத்தின் சுற்றறிக்கை சுருக்கமானது: ஊழியரின் கோப்புகள் மேகத்துக்குப் போய்விட்டன, ஒரு கணினிக்கு அரை மணி நேரம், பழைய புரொபைல்களை அழித்துவிடுக. பரீட்சார்த்தமாக முதலில் மாற்றப்பட்டது, பதினொரு ஆண்டுகள் கடிதங்கள் தட்டெழுதிய ஓர் இலிகிதரின் கணினி. மறுநாட் காலை அவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தார். வெறுமையான நீலத்திரை ஒன்று அவரை வரவேற்றது.

"தம்பி, பேரும் என்ரை பேர்தான், பாஸ்வேர்ட்டும் என்ரைதான். பிறகேன் இது என்னைப் புது ஆளெண்டு நினைக்குது?"

அந்த அக்காவின் கேள்வி மிகச் சரியான கேள்வி. பெயரைக் கொண்டு கணினி மனிதரை அறிவதில்லை. எண்ணைக் கொண்டே அறிகிறது. பழைய பதிவேடு அவருக்கு 'எஸ்-1-5-21' என்று தொடங்கும் நீண்ட எண்ணை வழங்கியிருந்தது. மேகப் பதிவேடு வழங்கிய எண்ணோ 'எஸ்-1-12-1' என்று தொடங்குவது. எண் மாறியதும் ஆளும் மாறிவிட்டதாக இயந்திரம் கொள்கிறது. புதியவருக்குப் புதிய அறையைத் திறக்கிறது. பழைய அறை அதே கணினியில் அப்படியே இருக்கிறது. ஆனால் அதன் பூட்டு பழைய எண்ணுக்கு மட்டுமே திறக்கும்.

கோப்புகள் மேகத்தில் இருந்தது மெய்யே. ஆயினும் நமது ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் ஆங்கிலத்தில் தட்டுந்தோறும் பிழையென்று இயந்திரம் இட்ட சிவப்புக் கோட்டை மறுத்து, அவர் ஒவ்வொன்றாக அகராதியில் சேர்த்த சொற்கள் அங்கே இல்லை. அவரது அறையில் மட்டும் நிறுவப்பட்டிருந்த பாமினி எழுத்துரு இல்லாமையால், பழைய தமிழ்க் கடிதங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்களாய்த் தோன்றின. இரண்டெழுத்துத் தட்டினால் முழு முகவரியாக விரியும்படி அவர் அமைத்த சுருக்கங்களும் மறைந்தன. இவை எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத உழைப்பு. இவற்றின் பயனைக் காரியாலயம் பதினொரு ஆண்டுகள் அநுபவித்தது; அழிக்கும்போது மட்டும் 'தேவையற்ற தரவு' என்று பெயரிட்டது.

வேறு வழி உண்டு. கணினியின் 'ரெஜிஸ்ட்ரி' என்னும் உட்பதிவேட்டில் பழைய அறையைப் புதிய எண்ணுக்கு உரியதாக எழுதலாம். அறையிலுள்ள கோப்புகளின் உரிமையையும் மாற்றலாம். இதைச் செய்யும் கருவிகள் உள்ளன. மனிதர் தம் பழைய அறைக்கே திரும்புவார். பழைய அடையாளத்தோடு பூட்டப்பட்ட இரகசியச் சொற்கள் சில மட்டும் திறவாமற் போகலாம். அவற்றை முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும். இதற்கு அரை மணி போதாது. ஒவ்வொருவர் அருகிலும் அமர்ந்து, அவருக்கு எது வேண்டுமென்று கேட்க வேண்டும்.

அவ்வாறே அக்காவின் அறை மீட்கப்பட்டது. ஏனைய கணினிகளுக்கும் அதே முறையை நாம் நிர்வாகத்திடம் கோரினோம். பழைய அறைகளை மூன்று மாதங்கள் அழிப்பதில்லை என இணங்கினர். மேலதிக நேரத்துக்கு ஊதியம் தர இணங்கவில்லை. எஞ்சிய கணினிகளின் வேலை மாலை வேளைகளில், ஊதியமின்றி நடந்தது. மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவென்று கம்பெனிக்குக் கட்டணம் செலுத்தத் தயங்காத கை, ஊழியனின் இரண்டு மணித்தியாலத்துக்குத் தயங்கியது!

நமது பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் இத்தகைய சுற்றறிக்கை நாளை வரக்கூடும். அதைப் பெறும் ஆசிரியர்களும் மாணவர்களும் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும்: எமது அறைகளுக்கு என்ன நேரும்? அவற்றை அழிக்க முடிவு செய்தவர் எம்மிடம் கேட்டாரா? மாற்றத்துக்கான நேரம் வேலைநேரமாகக் கணக்கிடப்படுமா? புதிய இயந்திரங்கள் வரட்டும். மனிதருக்கு எண் வழங்கும் உரிமை பதிவேட்டுக்கு இருக்கலாம். அவர் உழைப்பை அழிக்கும் உரிமை எந்தப் பதிவேட்டுக்கும் இல்லை.