மாத்திரை அலமாரியில் இருக்கிறது... ஏன் சாப்பிடவில்லை?

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுச் சத்தம் கேட்டால், யாரோ பெண் நடந்து வருகிறாள் என்று அர்த்தமில்லை. வீட்டுத் திண்ணையிலோ, முன்னறையிலோ உட்கார்ந்து யாரோ கொலுசு செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சேலத்து வெள்ளிக் கொலுசு பெரிய கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் போவதற்கு முன், எங்கள் பகுதியின் சின்னச் சின்ன வீடுகளில்தான் பிறக்கிறது. வளையம் கோப்பது, பொடி வைத்துப் பற்ற வைப்பது, ஆசிட்டில் கழுவுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வீடு. கூலி எடைக்கு இவ்வளவு என்று கணக்கு. குனிந்த தலை நிமிர்ந்தால் கூலி குறையும்.

என் தங்கை பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் வெள்ளைச் சீருடை போட்ட முதல் ஆள் அவள்தான். இந்த ஆண்டு அவளுக்குச் சமுதாய நலச் செவிலியர் பயிற்சி. கையில் ஒரு பையோடு வீடு வீடாகப் போக வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா, யாருக்கு என்ன நோய் என்று கேட்டு எழுத வேண்டும். அவளுக்கு ஒதுக்கிய பகுதி எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி.

'காரணம்: அறியாமை'

அங்கே ஒரு லைன் வீட்டில் 24 வயது அக்கா ஒருவர். இரண்டாவது பிரசவம், ஏழாம் மாதம். ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். அரசு கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் அலமாரியில் அட்டை பிரிக்காமல் இருந்திருக்கின்றன.

"ஏங்க்கா சாப்பிடல?"

"சாப்பிடறேன் கண்ணு" என்று சிரித்திருக்கிறார். அவ்வளவுதான் பதில்.

பயிற்சி நோட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. வகுப்பில் பலரும் அதில் எழுதுவது ஒரே வார்த்தை: அறியாமை. அதற்கு எதிரே 'தீர்வு: சுகாதாரக் கல்வி அளிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. என் தங்கைக்கு அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. "அந்த அக்கா பிளஸ் டூ படிச்சிருக்காங்க. மாத்திரை எதுக்குன்னு எனக்கே சொல்றாங்க. இது எப்படி அறியாமை ஆகும்?" என்று அன்று இரவு என்னிடம் கேட்டாள்.

மறுவாரம் அவள் நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்த அக்காவோடு சேர்ந்து வளையம் கோத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

அந்த லைனில் ஆறு வீட்டுக்கு ஒரே கழிப்பறை. மாத்திரை போட்டால் மலச்சிக்கல் வருகிறது. காலையில் வரிசையில் நிற்பவர்கள் கதவைத் தட்டும்போது உள்ளே பத்து நிமிடம் உட்கார முடியாது. அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டார். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கிறார். வேலைக்கு நடுவே பசியை அடக்க மூன்று வேளை டீ. இரும்புச்சத்து உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்கும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவர் சாப்பாடு. குழம்பில் காய் மிச்சம் இருந்தால் உண்டு.

இதில் எந்த இடத்தில் அறியாமை இருக்கிறது?

நோய்க்கு முன்னால் இருக்கும் நோய்

இதற்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் உண்டு: ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகள். பிறந்த வீடு, படிப்பு, வருமானம், வேலை, குடிநீர், சாதி, ஆணா பெண்ணா என்பது... இவையெல்லாம் சேர்ந்து நம் உடம்பில் எழுதும் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் மைக்கேல் மார்மட் தலைமையில் இதற்காக ஓர் ஆணையம் அமைத்தது. 2008-ல் அதன் அறிக்கை வந்தது.

ஆனால், அதற்கு ரொம்ப முன்பே நம் மண்ணுக்கு இந்தப் பாடம் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் இறந்துபோனது இடா ஸ்கடரின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட கதை. அவருடைய அப்பாவே டாக்டர். ஆனால், ஆண் டாக்டர் பிரசவம் பார்க்கக் கூடாது என்று மூன்று குடும்பங்களும் மறுத்துவிட்டன. மருத்துவம் பக்கத்திலேயே இருந்தது, வழக்கம் குறுக்கே நின்றது. அந்த இடா டாக்டராகத் திரும்பி வந்து, 1909-ல் வேலூரில் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார்.

எங்கள் சேலத்துக்கும் ஒரு கதை உண்டு, பெருமைப்பட முடியாத கதை. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதலில் தொடங்கப்பட்டது சேலம் மாவட்டத்தில்தான். பெண் சிசுக்களைக் கொன்றது எந்தக் கிருமியும் அல்ல. வரதட்சணையும் வறுமையும். அதற்கு ஊசி கிடையாது.

கூலி போனால் கர்ப்பிணியின் சாப்பாடும் போய்விடும் என்று அரசுக்கும் தெரியும். அதனால்தான் 1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, பின்னாளில் 18,000 ரூபாய் வரை வளர்ந்தது. பிரசவத்தில் தாய் இறப்பதைக் குறைப்பதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. லட்சம் பிரசவங்களுக்கு நாட்டின் சராசரி 97 என்றால் (2018-20), இங்கே 54. ஆனாலும், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ஆஸ்பத்திரி வரை வந்துவிட்டோம். அடுப்படி இன்னும் பாக்கி.

சீருடைக்குள்ளும் ரத்தசோகை

என் தங்கை சொன்னதில் என்னை உலுக்கியது வேறொன்று. ஹீமோகுளோபின் பார்க்கும் செய்முறை வகுப்பில் மாணவிகள் ஒருவர் விரலில் ஒருவர் குத்திப் பார்த்திருக்கிறார்கள். நிறைய பேருக்கு 10-க்குக் கீழே. என் தங்கைக்கு 9.6.

முருங்கைக்கீரை சாப்பிடுங்கள் என்று ஊருக்குச் சொல்லப் போகிற பிள்ளைகள் இவர்கள். ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்கக் காலைச் சாப்பாட்டை விட்டவர்கள். பாதிப் பேர் கூலி வேலைக்காரர்களின் மகள்கள். எங்கள் வீட்டில்கூட முட்டை ஒன்று குறைந்தால், அது குறைவது அம்மா தட்டிலோ தங்கை தட்டிலோதான். தம்பி தட்டில் அல்ல. பாடப் புத்தகத்தில் ஒரு அத்தியாயமாக இருக்கும் விஷயம், அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகிற உடம்பிலேயே இருக்கிறது.

அதனால்தான் செவிலியர் படிப்பில் இந்தப் பாடம் ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்று தோன்றுகிறது. ஊசி போடப் பழகுவதுபோல, ஒரு வீட்டில் உட்கார்ந்து கேட்கவும் பழக வேண்டும். அதற்குப் பயிற்சியில் நேரம் வேண்டும், மதிப்பெண்ணும் வேண்டும். 'ஏன் சாப்பிடவில்லை?' என்ற கேள்வி குற்றம் சாட்டும். 'சாப்பிட விடாமல் எது தடுக்கிறது?' என்ற கேள்வி கதவைத் திறக்கும்.

அந்த அக்காவுக்கு என்ன ஆனது? மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொண்டார். டீக்கும் மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேர இடைவெளி. சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய். என் தங்கை மாமியாரிடமும் கணவரிடமும் தனியாகப் பேசினாள். நகர்ப்புற சுகாதார செவிலியரிடமும் தகவல் சொன்னாள். தேவைப்பட்டால் ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் பரிசோதித்தபோது 9.1. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது.

உங்கள் வீட்டு வாசலுக்கும் ஒருநாள் இப்படி ஒரு நர்சிங் மாணவி பையோடு வந்து நிற்கலாம். "எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்" என்று அனுப்பிவிடாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், உள்ளதைச் சொல்லுங்கள். முடிந்தால் அவள் காலையில் சாப்பிட்டாளா என்றும் கேளுங்கள்.

நோட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் என் தங்கை கடைசியில் எழுதியது இதுதான்: 'ஆறு வீட்டுக்கு ஒரு கழிப்பறை.' அந்த லைன்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு இன்னொரு கழிப்பறை கேட்டு மனு எழுதியிருக்கிறார்கள். பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.