ரெண்டு பேருக்கும் முழுசா

அப்பா போன பிறகு பாகம் பிரித்ததில் வீடு அண்ணனுக்கு, வயல் எனக்கு என்று ஆனது. யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று இரண்டு பேருமே மனசுக்குள் கணக்கு வைத்திருந்தோம். கடைசியில் மிச்சம் இருந்தது ஸ்டூடியோ கம்ப்யூட்டர். "பெட்டிய நீ எடுத்துக்க. படம் எல்லாம் எனக்கும் வேணும்" என்றான் அண்ணன். மூணு மாசத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அந்தப் பெட்டிக்குள் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு. 2014இல் அண்ணன்தான் மாட்டினான். அதற்கு முந்தைய வருஷம் இருந்த ஒரே டிஸ்க் செத்துப்போய், ஒரு கல்யாணத்தின் படங்கள் மொத்தமாகப் போயிருந்தன. பெண் வீட்டுக்காரர் வந்து சத்தம் போடவில்லை. கொடுத்த அட்வான்ஸைக்கூடத் திருப்பிக் கேட்காமல் படியிறங்கிப் போனார். அப்பாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்கப்புறம் வந்ததுதான் மிரர். விண்டோஸ் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டியில். படங்கள் டி டிரைவில். பார்க்க ஒரே டிரைவ், ஆனால் எதை எழுதினாலும் இரண்டு டிஸ்கிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் இன்னொன்று கடையை நடத்தும். ரெய்டு 1 என்பார்கள். 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் பிரபலமான பெயர். அதில் உள்ள 'ஐ' அப்போது 'இனெக்ஸ்பென்சிவ்', அதாவது மலிவானது. பிறகு தொழிலில் இருப்பவர்கள் அதை 'இன்டிபென்டன்ட்' ஆக்கிவிட்டார்கள். சேர்த்துக் கட்டிப் போட்டதுக்குச் சுதந்திரம்னு பேர்!

அப்பா ஒருநாள் ஷிஃப்ட் டெலீட் அடித்து ஒரு காதுகுத்து ஃபோல்டரை அழித்துவிட்டு, "அதான் ரெண்டு இருக்குல்ல?" என்று நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். அழித்ததும் அந்த நொடியே இரண்டிலும் அழிந்திருக்கும் என்று அண்ணன் சொன்னதும், "அப்புறம் என்னடா மிரரு, மண்ணாங்கட்டி" என்றார். நியாயமான கேள்வி. மிரர் காவல் காப்பது டிஸ்கின் சாவிலிருந்து. நம்ம கையிலிருந்து இல்லை.

இப்போது அந்தக் கை என்னுடையது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து டி மேல் ரைட் கிளிக் பண்ணினால் இரண்டு வரிகள். 'ரிமூவ் மிரர்'. 'பிரேக் மிரர்டு வால்யூம்'. பிரேக் என்றால் உடைப்பது, பயமாக இருந்தது. ரிமூவ் சாதுவாகத் தெரிந்தது. கிட்டத்தட்ட அதைத்தான் அழுத்தியிருப்பேன்.

படித்துப் பார்த்தால் நேர்மாறு. ரிமூவ் கொடுத்தால் நீங்கள் காட்டுகிற டிஸ்கில் இருக்கும் பிரதி போய்விடும், அது காலி இடமாகும். மற்றது மட்டும் மிஞ்சும். பிரேக் கொடுத்தால் இரண்டும் டேட்டாவோடு அப்படியே இருக்கும். ஒன்று டி என்ற எழுத்தை வைத்துக்கொள்ளும், இன்னொன்று காலியாக இருக்கும் வேறொரு எழுத்தை வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போகும்.

தெரிந்த பிறகும் அன்றைக்குத் தொடவில்லை. முதலில் இரண்டு டிஸ்கும் 'ஹெல்தி' என்று காட்டுகிறதா பார்த்தேன். 'ஃபெயில்டு ரிடன்டன்சி' என்றிருந்தால் ஒரு டிஸ்க் எப்போதோ பின்தங்கிவிட்டது என்று அர்த்தம், அப்போது உடைத்தால் ஒருத்தருக்குப் பழசுதான் கிடைக்கும். பிறகு எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் காப்பி போட்டேன். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் அதைக் கழற்றி பீரோவில், அம்மாவின் புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். இரண்டு டிஸ்கின் சீரியல் நம்பரையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

பிரேக். எச்சரிக்கை வந்தது, யெஸ் கொடுத்தேன். சில நொடிதான். டி இருந்தது, ஈ வந்தது. இரண்டிலும் ஃபைல் எண்ணிக்கை ஒன்றேதான். பாகப்பிரிவினையில் இரண்டு பேருக்கும் முழுசாகக் கிடைத்தது இது ஒன்றுதான்.

ஆனால் அந்த டிஸ்கை அப்படியே அண்ணனிடம் கொடுக்க முடியாது. பிரித்தாலும் அது விண்டோஸின் 'டைனமிக் டிஸ்க்' வகைதான். அவன் லேப்டாப்பில் யுஎஸ்பி வழியாகச் செருகினால் அது ஒத்துவராது. பேசிக் டிஸ்காக மாற்றணும், அதற்கு முதலில் அதிலுள்ளதை அழிக்கணும். என் டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அழித்தேன். நல்ல பிரதி ஒன்றை என் கையால் அழிக்கிறேன் என்கிற நினைப்பில், பீரோவைத் திறந்து எக்ஸ்டர்னல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தேன். சிரிப்பாகத்தான் இருக்கு. பிறகு அதிலிருந்து திரும்பக் காப்பி. அண்ணன் வாங்கிக்கொண்டு, "எல்லாம் இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

போன வாரம் போன் பண்ணினான்.

"2009 ஃபோல்டர்ல பச்சைப் புடவையில ஒருத்தங்க நிக்கிறாங்கல்ல, அது யாரு?"

"தெரியலண்ணே."

"அம்மாகிட்ட கேட்டேன். சின்னப் பாட்டியாம். பேர் போட்டு வச்சிட்டேன். நெறைய படத்துக்குப் போட்டிருக்கேன், குப்புறக் கெடந்ததெல்லாம் நிமித்திட்டேன்."

என் டிரைவில் அந்தப் படத்தின் பெயர் இன்னும் வெறும் நம்பர்தான். நான் பாதியில் கலைத்துவிட்ட 2011 ஃபோல்டர் அவனிடம் பழைய வரிசையில் இருக்கிறது. எதை எதன் மேல் காப்பி போடுவது என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழம வா. உன்னுதையும் எடுத்துட்டு வா" என்றான்.